641-இல் உடைந்த எண்

கேள்வி: 4294967297 பகா எண்தானா? 97 வரைக்கும் உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் மீதி வருகிறது. இதோடு விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள், 641 வரைக்கும் போங்கள். 641 × 6700417 = 4294967297. பகா எண் வரிசையில் 97 இருப்பது 25-ஆவது இடத்தில், 641 இருப்பது 116-ஆவது இடத்தில். இன்னும் 91 வகுத்தல் பாக்கி வைத்துவிட்டு எழுந்துவிட்டீர்கள்!

ஆனால் அவ்வளவு பாடுபடவே தேவையில்லை. உங்கள் எண் 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டியது. இதை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே ஆக வேண்டும் என்று கணித மேதை ஆய்லர் காட்டினார். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641. அதாவது ஐந்தாவது முயற்சியிலேயே ஆள் சிக்கிவிடுகிறான்.

வகுக்காமலே பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. 641 என்பது 5 × 128 + 1; அதுவே 625 + 16-ம் கூட. முதலாவதன்படி 5 × 128-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று வைத்துக்கொள்ளலாம். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1. அந்தப் பெருக்கத்துக்குள் 625 இருக்கிறதல்லவா, இரண்டாவதன்படி அதை எடுத்துவிட்டு −16 போடலாம். 16 என்பது 2-இன் 4-ஆம் அடுக்கு, 128-இன் நான்காம் அடுக்கு 2-இன் 28-ஆம் அடுக்கு, இரண்டும் சேர்ந்தால் 32. ஆக 2-இன் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1, ஒன்றைக் கூட்டினால் பூஜ்யம். அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வகை எண்கள் (2-இன் 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துப் போகும் அடுக்குகளோடு 1 கூட்டியவை: 3, 5, 17, 257, 65537, அப்புறம் உங்களுடையது) எல்லாமே பகா எண்கள்தான் என்று நம்பியவர் கணித மேதை ஃபெர்மா. 1640-இல் 2-இன் 37-ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்த எண்ணை 223 வகுக்கும் என்று கண்டுபிடித்த அதே மனிதர், இதே மாதிரி வடிகட்டல் முறையை வைத்துத்தான்! இங்கே மட்டும் எப்படிக் கோட்டைவிட்டார் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம். 1732-இல் ஆய்லர் வந்துதான் 641-ஐ எடுத்துப் போட்டார்.

கேள்வி: அப்படியானால் 6700417?

பதில்: அது பகா எண்தான். அதன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேலே. அதை வகுக்கும் பகா எண் உங்கள் எண்ணையும் வகுக்கும், ஆகவே அதற்கும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அவற்றில் 641-க்குக் கீழே உள்ளவை ஏற்கெனவே தோற்றுப்போனவை என்பதால் 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 ஆகிய ஏழாலும் வகுத்துப் பார்த்தால் போதும், ஒன்றும் வகுக்காது.

கேள்வி: 65537-க்குப் பிறகு இந்த வரிசையில் பகா எண்ணே இல்லையா?

பதில்: இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. 3-ஐ பூஜ்யமாவது என்று எண்ணத் தொடங்கினால் உங்களுடையது 5-ஆவது. அதிலிருந்து 32-ஆவது வரை அத்தனையும் பகு எண்கள். இதில் 20-ஆவதும் 24-ஆவதும் விசித்திரமானவை: உடையும் என்று நிரூபித்தாகிவிட்டது, ஆனால் உடைக்கிற எண் ஒன்றுகூட இன்னும் கையில் சிக்கவில்லை. 33-ஆவதற்கு 258 கோடிக்கும் மேல் இலக்கங்கள். அதைக் கையால் வகுக்க மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள்.