ஒன்றேகால் அங்குல ஹிட்ச்சில் இரண்டு மின்சைக்கிள்கள்

வணக்கம். காரின் பின்னால் பொருத்தும் ஹிட்ச்சில் (இழுவை இணைப்பு) உள்ள ஒன்றேகால் அங்குல ரிசீவரில், அதாவது ரேக்கைச் செருகும் சதுரக் குழாயில், அடாப்டர் மாட்டி, இரண்டு அங்குல குழாய்க்கான சைக்கிள் ரேக்கில் தலா 60 பவுண்டு மின்சைக்கிள்கள் இரண்டை ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அடாப்டர் ரேக்கை இன்னும் பின்னால் தள்ளிவிடும். நெம்புகோல் மாதிரி ஹிட்ச் மேல் இழுவை கூடும். ஒன்றேகால் அங்குலத்தில் வரும் முதல் வகுப்பு (Class I) ஹிட்ச் தாங்கும் செங்குத்துப் பாரம், அதாவது கீழ்நோக்கி அழுத்தும் எடை, பொதுவாக 200 பவுண்டுதான். சைக்கிள்கள் 120, ரேக் 50 என்றாலே 170 ஆகிவிடுகிறது. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மிச்சமுள்ள 30 பவுண்டு போதாது. உங்கள் காருக்கு இரண்டு அங்குல ஹிட்ச் கிடைக்குமா, கார் கையேடு எவ்வளவு அனுமதிக்கிறது என்று முதலில் பாருங்கள். அப்புறம், சைக்கிளின் சட்டகத்தைப் (frame) பிடித்துத் தொங்கவிடும் ரேக் வேண்டாம். சக்கரத்தைப் பிடிக்கும் தட்டு ரேக்தான் சரி. அதிலும் ஒரு சைக்கிளுக்கான எடை வரம்பைத் தனியாகப் பாருங்கள். பேட்டரிகளைக் கழற்றிக் காருக்குள் வையுங்கள், ஒவ்வொரு சைக்கிளிலும் ஆறேழு பவுண்டு குறையும்.