ஹிரோஷிகேயின் மழை: எது மூலம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் ‘ஷின்-ஓஹாஷி பாலத்தின்மேல் திடீர் மழை’ படத்தை இரண்டு அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் பார்த்தேன். ஒன்றில் அக்கரையோரம் இரண்டு படகுகள் தெரிகின்றன; மற்றதில் இல்லை. மேகத்தின் கருமையும் வேறுபடுகிறது. எது மூல ஓவியம்? வெறும் அச்சுப்படிக்கு அருங்காட்சியகத்தில் இடம் எதற்கு?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் தேடும் மூல ஓவியம் இல்லை. ஹிரோஷிகே மெல்லிய தாளில் தூரிகையால் வரைந்ததைச் செதுக்குபவர் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்கினார். கோடுகளை அச்சிடும் கட்டை உருவானபோது ஓவியம் அழிந்துபோனது. எனவே 1857இல் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) வெளியான அந்த அச்சுப்படிகளே மூலங்கள். ‘வெறும்’ என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

மழையைப் பாருங்கள். சற்றே மாறுபட்ட இரண்டு சாய்வுகளில் கோடுகள் இறங்குகின்றன. முடியிழை போன்ற அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் மரத்தில் மேடாக நிற்க வேண்டும். அதற்காகச் சுற்றியுள்ள மரம் முழுவதையும் செதுக்கி எடுத்தாக வேண்டும். உளி ஒருமுறை நழுவினால் கோடு போய்விடும். இந்த வேலையைச் செய்த கைகளின் பெயர் படத்தில் இல்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

மேகம் அச்சிடுபவருடையது. அதன் கீழ்விளிம்பைக் காட்டும் கோடு எதுவும் கட்டையில் இல்லை. ஈரமான கட்டையில் மையைக் கையாலேயே பரப்பித் துடைத்து, கருமையை மெல்லக் கரையவிட்டார். ஒவ்வொரு தாளுக்கும் இதைப் புதிதாகச் செய்ததால் இரண்டு படிகளில் ஒரே மேகம் அமைவதில்லை. படகுகளின் கதை வேறு: இந்தப் படம் இரண்டு வடிவங்களில் அச்சானது, ஒன்றில் அவை இல்லை.

டச்சு ஓவியர் வான்கோ 1887இல் பாரிஸில் இதைத் தைலவண்ணத்தில் படியெடுத்தார். நிறங்கள் பளீரென்று இருக்கின்றன. ஆனால் அந்த மழை நனைப்பதில்லை. மரத்தில் வெட்டிய கோட்டின் கூர்மையைத் தூரிகையால் எட்ட முடியவில்லை என்றே நினைக்கிறேன்.

அருங்காட்சியகம் தேவைப்படுவதும் இதனால்தான். இந்தச் சாயங்கள் வெளிச்சத்தில் வெளுக்கும். ப்ரூக்ளின் அருங்காட்சியகம் இந்தப் படம் இடம்பெறும் ‘எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்’ வரிசையின், தன்னிடமுள்ள முழுத் தொகுப்பை நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2024இல்தான் காட்சிக்கு வைத்தது. அப்படி இருட்டில் பாதுகாத்த படிகள் பல இடங்களில் இருப்பதால்தான் நீங்கள் இரண்டை ஒப்பிட முடிந்தது. இன்னும் சில படிகளைத் தேடி, மேகத்தை மட்டும் அருகருகே வைத்துப் பாருங்கள்.