ஏழு வாரத்துக் கடிதங்கள்

அன்புள்ள ஐயா,

நான் பதினெட்டு ஆண்டுகளாக இங்கிலாந்தில் வசிக்கிறேன். பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகளைத் திருநர் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு இங்கே தடை வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் தோழியின் பிள்ளைக்கு அது நேரடி அடி. தடைக்கு முன்பு அமைச்சருக்கு யார் யார் எழுதினார்கள், என்ன எழுதினார்கள் என்று கேட்டு ஓர் அரசுத் துறைக்கு விண்ணப்பித்தேன். மூன்று மாதம் இழுத்தடித்துவிட்டு, ‘கொள்கை வகுப்பது தொடர்பானவை, தர இயலாது’ என்று பதில் அனுப்பியிருக்கிறார்கள். மறைக்கிறார்கள் என்பதே உள்ளே சதி நடந்ததற்குச் சான்று அல்லவா? இதைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும். என் பெயர் வேண்டாம்.

ர., லெஸ்டர்

அன்புள்ள ர.,

மறைத்ததாலேயே சதி என்று சொல்லிவிட முடியாது. இன்றைய மன்னர் சார்லஸ் இளவரசராக இருந்தபோது அமைச்சர்களுக்கு எழுதிய கடிதங்களை ‘கார்டியன்’ நிருபர் ராப் எவன்ஸ் 2005இல் கேட்டார். அரசு மறுத்தது. தீர்ப்பாயம் கொடுக்கச் சொன்ன பிறகும் அரசின் தலைமைச் சட்ட ஆலோசகரான அட்டர்னி ஜெனரல் தடுத்தார். உச்ச நீதிமன்றம் வரை போய், 2015 மே மாதம்தான் 27 கடிதங்கள் வெளிவந்தன. பத்து வருடச் சண்டை. திறந்து பார்த்தால் ராணுவ ஹெலிகாப்டர், மாட்டுப் பண்ணைகள், எங்கோ தென்கடலில் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படும் ஒரு பல்மீன். இதற்கா இத்தனை பூட்டு என்று ஊரே சிரித்தது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2025 ஜனவரி 28 அன்று இதே மருந்துகளைப் புதிய நோயாளிகளுக்கு நிறுத்திவைத்தார்கள். ஒரு தாய் வழக்குத் தொடுத்தார். மருத்துவ நிர்வாகிகளோடு ‘கலந்தாலோசனை’ என்று காட்டப்பட்ட கூட்டம் 22 நிமிடமே நடந்தது என்பது நீதிமன்றத்தில்தான் தெரியவந்தது. அதிகாரி ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்த அதே வேளையில் அமைச்சர் செய்தியாளர்களிடம் முடிவை அறிவித்துக்கொண்டிருந்தார். அந்த ஆணை சட்டவிரோதம் என்று அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அமைச்சர் அன்றைக்கே தம் பெயரில் வேறோர் ஆணை போட்டார் என்பது தனிக்கதை.

ஆகவே உங்கள் பெட்டிக்குள் மீன் இருக்கலாம், 22 நிமிடமும் இருக்கலாம். திறக்கும்வரை உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தடை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லும் மருத்துவ அறிவு எனக்கில்லை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறைக்காகக் குழந்தை மருத்துவர் ஹிலரி காஸ் ஆராய்ந்து எழுதிய அறிக்கை, இந்த மருந்துகளுக்கான ஆதாரம் பலவீனமானது என்கிறது. யாரும் எடுத்துப் படிக்கலாம், எங்கே தவறு என்று மறுத்தும் எழுதலாம். எழுதியும் இருக்கிறார்கள். அது வந்தது 2024 ஏப்ரல் 10. அப்போதைய சுகாதார அமைச்சர் விக்டோரியா அட்கின்ஸ் தடைக்கான அவசர ஆணையில் கையெழுத்திட்டது மே 29. மறுநாள் தேர்தலுக்காக நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. நடுவில் சரியாக ஏழு வாரம். நீங்கள் கேட்பது அந்த ஏழு வாரத்துக் கடிதங்களைத்தானே?

அறிக்கைக்கும் ஆணைக்கும் நடுவே நடந்தது என்ன என்ற கேள்வி உங்களுடையது மட்டுமில்லை. அமைச்சரின் சொந்தக் கருத்துத்தான் முதலில் வந்தது, ஆதாரம் பிறகுதான் தேடப்பட்டது என்று திருநர் உரிமைக்காகப் போராடும் டிரான்ஸ்ஆக்சுவல் அமைப்பு உயர் நீதிமன்றத்தில் வாதிட்டது. நீதிபதி பெவர்லி லாங் அதை ஏற்கவில்லை, ஜூலையில் ஆணை செல்லும் என்றார். டிசம்பரில் அடுத்த அரசின் அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் தடையைக் காலவரையறை இல்லாமல் நீட்டினார், 2027இல் மறு ஆய்வு என்றார். சட்டப்படி நிலைத்த முடிவு. அப்புறமும் எதற்குக் கூச்சம்? ஆதாரம் போதவில்லை என்று ஒரு மருந்தை நிறுத்துகிறவர், தம் முடிவுக்கான ஆதாரத்தையும் மேசையில் வைக்கத்தானே வேண்டும்? தடையை ஆதரிப்பவர்களுக்கும் இந்தக் கேள்வியில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அரசுத் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். அதிகாரி அமைச்சரிடம் ‘இது வேண்டாம்’ என்று மனம்விட்டு எழுத வேண்டுமானால் அது நாளையே செய்தித்தாளில் வரும் என்ற பயம் இருக்கக் கூடாது. அதற்காகவே பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுத் தகவல் சட்டத்தில் 35ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் அது முழுப் பூட்டு இல்லை. மறைப்பதா கொடுப்பதா, எதில் பொதுநலன் அதிகம் என்று எடைபோட்டாக வேண்டும். பின்னணித் தரவுகள் என்றால் வெளியிடுவதன் பக்கம் தனிக் கவனம் வைக்கச் சொல்கிறது அதே பிரிவு. நம்மூர் 2005 சட்டம் ஒரு படி மேலே போய், அமைச்சரவை முடிவெடுத்து விஷயம் முடிந்தபின் காரணங்களையும் அடிப்படை ஆவணங்களையும் வெளியிட வேண்டும் என்கிறது. ஏட்டில் அப்படி. ஒரு முறை பத்து ரூபாய் கட்டி ஒரு கோப்பு கேட்டேன். வந்த ஒன்பது பக்கத்திலும் கறுப்பு மை. ஒரு பக்கத்தில் மேலே ‘ஐயா’, கீழே ‘தங்கள் உண்மையுள்ள’. நடுவில் ஒரு காற்புள்ளி மட்டும் தப்பித்திருந்தது.

உங்கள் விண்ணப்பத்தின் நகலைப் படித்தேன். ‘எல்லாக் கடிதங்களும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். அது அவர்களுக்கு வசதி. தேடியெடுக்க 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று கணக்குக் காட்டியே மத்தியத் துறைகள் மறுத்துவிடலாம். முதலில் உள்பரிசீலனை கேளுங்கள், அதாவது அதே துறையே தன் மறுப்பைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று. அதிலும் மறுத்தால் தகவல் ஆணையரிடம் போகலாம், அதற்கும் மேலே தீர்ப்பாயம் இருக்கிறது. கூடவே புதிதாக ஒரு விண்ணப்பம் போடுங்கள். ஏப்ரல் 10 முதல் மே 29 வரை, வெளி அமைப்புகளிடமிருந்து அமைச்சர் அலுவலகத்துக்கு வந்த கடிதங்களின் பட்டியல், தேதியோடு. உள்ளடக்கம் பிறகு. அதிகாரிகளின் ஆலோசனையைத் தொடவே வேண்டாம், அப்போது ‘மனம்விட்டு எழுத முடியாது’ என்ற வாதம் எடுபடாது. அலுவல் விஷயம் என்றால் சொந்த மின்னஞ்சலில் போனதும் சட்டத்துக்குள் வரும் என்று 2012இலேயே ஆணையர் சொல்லிவிட்டார், அதையும் ஒரு வரி சேருங்கள்.

உங்கள் தோழியின் பிள்ளையைப் பற்றி விண்ணப்பத்தில் ஒரு சொல்லும் வேண்டாம். காரணம் சொல்லச் சட்டம் கேட்பதில்லை. எந்தப் பிள்ளையின் பெயரோ நோய் விவரமோ அந்தக் கோப்பில் இருந்தால் அதன்மேல் கறுப்பு மை பூசட்டும், அந்த மைக்கு நான் ஆதரவு.

அனுப்புவதற்கு முன் வரைவை எனக்கு அனுப்புங்கள்.