சந்தேகவாதிகள் ஜோதிடத்தை நியாயமாகத்தான் சோதிக்கிறார்களா?

ஜோதிடத்தை விமர்சிப்பவர்களும் சோதித்துப் பார்ப்பவர்களும் நியாயமாக நடந்துகொள்கிறார்களா என்பது கேள்வி. நான் சில வருடங்கள் ஆர்வத்தோடு ஜாதகம் கணிக்கக் கற்றவன். இப்போது நம்பிக்கை இல்லை. இரண்டு கட்சியிலும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: விமர்சனங்களில் பாதி சோம்பேறித்தனமானவை. ஆனால் சோதனைகளில் நல்லவை சில உண்டு. அவற்றை அநியாயம் என்று ஒதுக்க எனக்கு வழி தெரியவில்லை.

"பிறக்கும் குழந்தையைச் செவ்வாய் இழுப்பதைவிடப் பிரசவம் பார்க்கும் மருத்துவரின் உடல் அதிகமாக இழுக்கிறது" என்ற வாதத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கணக்கு சரிதான். ஆனால் எந்தப் பழைய ஜோதிட நூல் ஈர்ப்பு விசையைப் பற்றிப் பேசியது? ராகுவும் கேதுவும் பொருள்களே அல்ல. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். எடையே இல்லாத புள்ளிக்கு வாழ்க்கையில் 18 வருட ஆட்சிக் காலம் (தசை) கொடுக்கும் ஒரு முறையிடம் போய் ஈர்ப்பு விசையைக் காட்டி என்ன பயன்?

இன்னொன்று, "ராசிகள் நகர்ந்துவிட்டன, உங்கள் மேஷம் உண்மையில் மீனம்" என்பது. நம் ஊர் ஜோதிடர்கள் பின்பற்றும் நிராயன முறை, அந்த நகர்வுக்காக ஏறக்குறைய 24 பாகையை (இதற்குப் பெயர் அயனாம்சம்) கழித்துவிட்டுத்தான் கணக்கையே தொடங்குகிறது. இது தெரியாமல் பேசுபவரை ஜோதிடர் ஒரே நிமிடத்தில் வாயடைத்துவிடுவார்.

ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் பிறந்த இரட்டையரின் வாழ்க்கை ஏன் வேறுபடுகிறது என்று கேட்கும் இரட்டையர் வாதம் இவற்றைவிடத் தேவலை. லக்னம் (பிறக்கும்போது கிழக்கே உதிக்கும் ராசிப் புள்ளி) சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது, ராசியை ஒன்பதாகப் பிரிக்கும் நவாம்சம் சுமார் 13 நிமிடத்தில் மாறுகிறது, அறுபதாகப் பிரிக்கும் சஷ்டியாம்சம் இரண்டே நிமிடத்தில் மாறுகிறது. எனவே இரட்டையருக்குப் பலன் வேறுபடும் என்று பதில் வரும். வரட்டும். இரண்டு நிமிடம் அவ்வளவு பெரிது என்றால், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தோராயமாகக் குறித்த நேரங்களை வைத்து இத்தனை நாள் சொன்ன பலன்களெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்?

எதிர்ப்பாளர்கள் நிஜமாகவே தவறு செய்த இடங்களும் உண்டு. 1975இல் 186 அறிஞர்கள் ஜோதிடத்துக்கு எதிராக ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அவர்களில் 18 பேர் நோபல் பரிசு பெற்றவர்கள். வானியலாளர் கார்ல் சாகன் கையெழுத்திட மறுத்தார். ஜோதிடத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்ததால் அல்ல. ஆதாரத்தை எடுத்து வைக்காமல் அதிகாரத் தொனியில் பேசுவது அவருக்குப் பிடிக்கவில்லை.

அதைவிட மோசம், மிஷெல் கோகெலன் விவகாரம். பெரிய விளையாட்டு வீரர்கள் பிறந்த நேரத்தில் செவ்வாய் உதயத்துக்குப் பின்னோ உச்சிக்குப் பின்னோ இருப்பது வழக்கத்தைவிட அதிகம் என்று இந்தப் பிரெஞ்சு ஆய்வாளர் சொன்னார். சாதாரண மக்களில் சுமார் 17 விழுக்காடு, வீரர்களில் சுமார் 22 விழுக்காடு. அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய சந்தேகவாதிகளின் குழுவோடு தொடர்புடையவர்கள் ஒரு சவால் விட்டார்கள். சாதாரண மக்களின் பிறந்த நேரங்களைத் திரட்டிப் பார்த்தால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். மறையவில்லை. தோற்றதை நேராக ஒப்புக்கொள்வதை விட்டு, தரவுகளைத் துண்டு துண்டாக வெட்டி வேறு கதை பேசினார்கள். 1981இல் இதை அம்பலப்படுத்தியவர் ஜோதிடர் அல்லர், அதே குழுவின் நிர்வாகத்தில் இருந்த டென்னிஸ் ராலின்ஸ். அந்தக் குழுவை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வரும். பின்னர் 1996இல் ஒரு பிரெஞ்சுக் குழு 1066 வீரர்களை எடுத்துப் பார்த்தபோது அந்தச் செவ்வாய் விளைவு தென்படவில்லை என்பது தனிக் கதை.

சரி, நல்ல சோதனை எப்படி இருக்கும்? ஆட்டம் தொடங்கும் முன்பே இரு தரப்பும் விதிகளை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இயற்பியலாளர் ஷான் கார்ல்சன் 1985இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியிட்டது ஏறக்குறைய அப்படிப்பட்டது. 28 ஜோதிடர்கள் பங்கேற்றார்கள். ஒரு ஜாதகம், மூன்று பேரின் ஆளுமை விவரங்கள். ஜாதகம் அந்த மூவரில் யாருடையது என்று சொல்ல வேண்டும். ஜாதகக்காரர் யார் என்பது ஜோதிடருக்கும் தெரியாது, தாளைக் கொடுப்பவருக்கும் தெரியாது. பாதியாவது சரியாக வரும் என்றார்கள் ஜோதிடர்கள். கண்ணை மூடிக்கொண்டு கைவைத்தாலே கிடைக்கும் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது.

இதிலும் ஓட்டை உண்டு, மறைக்க மாட்டேன். பங்கேற்றவர்களே தங்கள் ஆளுமை விவரத்தை மற்றவர்களுடையதிலிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை. தன்னையே தனக்கு அடையாளம் தெரியாத தாளில் ஜோதிடர் மட்டும் எப்படி அடையாளம் காண்பார் என்ற கேள்வி நியாயமானது.

அந்தக் கேள்விக்கே இடமில்லாதது வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகர் மகாராஷ்டிரத்தில் நடத்திய சோதனை. படிப்பில் கெட்டிக்காரக் குழந்தைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் 100 பேர். கேள்வித்தாள் இல்லை, நுணுக்கமான குணாதிசயம் இல்லை. ஜாதகத்தைப் பார்த்து இவரா அவரா என்று சொன்னால் போதும். ஒரு வாழ்க்கையில் இதைவிடப் பெரிய வேறுபாடு என்ன இருக்க முடியும்? 51 ஜோதிடர்கள் தலைக்கு 40 ஜாதகம் வாங்கிச் சென்றார்கள், 27 பேர் விடை அனுப்பினார்கள். சராசரி 46 விழுக்காடு. 200 ஜாதகங்களையும் பார்த்த ஒரு ஜோதிட நிறுவனம் 102 சரியாகச் சொன்னது. நாணயத்தைச் சுண்டியிருக்கலாம்.

இதற்குப் பிறகு வரும் பதில், "ஆளை நேரில் பார்க்காமல் பலன் சொல்ல முடியாது" என்பது. அப்படியென்றால் பலன் ஜாதகத்திலிருந்து வருகிறதா, எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்திலிருந்து வருகிறதா?

இன்னொரு பதில், "பிறந்த நேரம் தவறாக இருக்கும்." இதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. மருத்துவமனைப் பதிவில் மாலை என்றிருந்த என் பிறந்த நேரத்தை வீட்டில் யாரோ அதிகாலை என்று எழுதிவிட்டார்கள். முப்பது வயதுக்கு மேல்தான் இது தெரிந்தது. அதுவரை நான் மேஷ லக்னம். 25 வயதில் வேலை போனதற்கு, பாதகாதிபதியான (அந்த லக்னத்துக்குக் கெடுதல் செய்யும் கிரகமான) சனியின் தசை என்று எனக்குத் தெரிந்த ஜோதிடர் விளக்கியிருந்தார். அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

திருத்திய நேரத்தோடு அவரிடமே போனேன். லக்னம் துலாம் ஆகிவிட்டது. தசை சில வருடங்கள் முன்னே நகர்ந்தாலும் அந்த வயதில் சனி தசைதான். ஆனால் துலா லக்னத்துக்குச் சனி யோககாரகன், அதாவது பெரும் நன்மை செய்யும் கிரகம். அவர் கொஞ்ச நேரம் கட்டத்தைப் பார்த்தார். "யோககாரகன்தான் உங்களை அந்த வேலையிலிருந்து விடுவித்து நல்ல இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்" என்றார். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். முழு நம்பிக்கையோடுதான் சொன்னார். அதுவும் பொருத்தமாகவே இருந்தது. பழைய ஜாதகத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.