ஹாரிஸ்மித்தில் சாப்பிட இறங்கும்போது நாயை வண்டியில் விடலாமா?

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "டிசம்பர் லீவுக்கு ஜோஹானஸ்பர்க்கில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ரோட்டில் போகிறோம், டாக்டர். பக் நாய் எங்களோடு முன்னால் உட்காரும், பூர்பூல் (பெரிய காவல் நாய்) பக்கியின் (பிக்கப் வண்டி) பின்னால் கேனப்பிக்குள் (மேலே மூடிய கூடு) இருக்கும். வழியில் ஹாரிஸ்மித்தில் சாப்பிட இறங்கும்போது நிழலில் நிறுத்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் எத்தனை நிமிஷம் விட்டுவிட்டுப் போகலாம்?"

நிமிஷக் கணக்கே வேண்டாம், தங்கச்சி. விடாதீர்கள்.

வெளியே 24 டிகிரி என்றால் நமக்கு இதமான நாள். அதே வெயிலில் பூட்டிய காருக்குள் பத்து நிமிஷத்தில் 34 டிகிரியைத் தொடும், அரை மணியில் 43 ஆகிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவைத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. நிழலையும் நம்பமுடியாது, நீங்கள் உள்ளே ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் வெயில் நகர்ந்து வண்டிமேல் வந்துவிடும். வான் ரீனன் கணவாய் ஏறியதும் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும், மேட்டுப் பக்கம் வந்தாச்சு, இனி பயமில்லை என்று தோன்றும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் காற்று குளிர்ந்திருந்தாலும் வெயில் கண்ணாடி வழியாக இறங்கி சீட்டையும் டேஷ்போர்டையும் சுடவைத்துக்கொண்டேதான் இருக்கும்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு இளைக்கும்போது வாயிலும் மூக்கிலும் இருக்கும் ஈரம் ஆவியாகும், முக்கியமாக அப்படித்தான் அதன் சூடு தணிகிறது. பிப்ரவரி மாதம் டர்பனில் கொடியில் போட்ட துணி காயாமல் கிடக்குமே, அந்தப் புழுக்கத்தை மூடின காருக்குள் நாயின் மூச்சே உண்டாக்கிவிடும். அப்புறம் எவ்வளவு இளைத்தும் பலனில்லை. இளைப்பதே ஒரு உழைப்பு, அதனாலும் சூடு ஏறும். நாயின் சாதாரண உடல் சூடு 38லிருந்து 39 டிகிரி சொச்சம், 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் பக் சப்பை மூக்கு, மூச்சுப் பாதை குறுகல், அதற்கு இந்த நிலை சீக்கிரம் வந்துவிடும். பூர்பூலுக்கு உடம்பு கனம் என்பதால் ஏறின சூடு லேசில் இறங்காது.

கேனப்பியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதிகக் கவலை அதில்தான். முன்னால் ஏர்கான் ஓடும், பின்னால் அது போய்ச் சேராது. அடியில் தகரம் கொதிக்கும், சில வண்டிகளில் புகையும் உள்ளே வரும், நாய் சுருண்டு விழுந்தாலும் முன்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. முடிந்தால் பெரியதையும் உள்ளே ஏற்றுங்கள். இல்லை, இடமே கிடையாது என்றால் இந்தப் பயணத்துக்கு அதை வீட்டில் மாமாவிடமோ பாட்டியிடமோ விட்டுவிட்டுப் போவதுதான் நல்லது.

கூட்டிக்கொண்டு போவதானால் விடியற்காலை நாலு மணிக்கே கிளம்புங்கள், வெயில் ஏறுமுன் பாதி வழி தாண்டிவிடலாம். சாப்பிடும் இடத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே போங்கள், மற்றவர் நாய்களோடு வெளியே மரநிழலில் இருக்கட்டும். எஞ்சினை ஓடவிட்டு ஏர்கானோடு விட்டுப் போகும் யோசனை நம் நாட்டில் வேண்டவே வேண்டாம்: எஞ்சின் நின்றாலும் போச்சு, யாராவது வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாலும் போச்சு. பார்க்கிங்கில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் கார் கார்டிடம் சொல்லிவிட்டுப் போவதும் காவல் ஆகாது.

வழியில் நாய் விடாமல் இளைத்து, எச்சில் கொழகொழவென்று கயிறாகத் தொங்கினால் உடனே ஓரம் கட்டுங்கள். உதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய ஈறு செக்கச்செவேலென்று இருந்தால் சூடு ஏறிவிட்டது, வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தள்ளாட்டம், வாந்தி, ரத்தம் கலந்த பேதி எல்லாம் அதன் தொடர்ச்சி.

முதலில் குளிரவையுங்கள், அப்புறம் டாக்டரிடம் ஓடுங்கள். அதனால் அஞ்சு லிட்டர் கேனில் இரண்டு மூன்று நிறையத் தண்ணீர் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். வயிறு, தொடை இடுக்கு, கழுத்து, முதுகு எல்லாம் நனைய ஊற்றி விசிறுங்கள், இல்லாவிட்டால் ஏர்கான் காற்று நேராகப் படும்படி வையுங்கள். ஈரத் துண்டால் போர்த்தாதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். குடிக்க முடிந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், நினைவில்லாத நாயின் வாயில் ஊற்றவே கூடாது. எழுந்து வாலை ஆட்டினாலும் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும், சிறுநீரகக் கோளாறும் ரத்தம் உறையாமல் போவதும் ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூடத் தலைகாட்டலாம்.

வேறு யாருடைய நாயாவது இப்படிப் பூட்டிய காரில் கிடப்பதைப் பார்த்தால் வண்டி நம்பரைச் சொல்லிக் கடையில் அறிவிக்கச் சொல்லுங்கள், விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏவுக்குப் போன் போடுங்கள். தென்னாப்பிரிக்காவின் 1962ஆம் வருஷத்து விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வெயிலுக்குத் தடுப்போ காற்றோட்டமோ இல்லாத இடத்தில் விலங்கை அடைப்பது குற்றம். போலீஸ் வேண்டுமென்றால் 10111.

டிசம்பரில் பல கிளினிக்குகள் சீக்கிரம் மூடிவிடும். கிளம்பும் முன்னாலேயே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் ஹாரிஸ்மித்திலும் எந்தக் கால்நடை மருத்துவர் எந்நேரம் இருப்பார் என்று போன் போட்டுக் கேட்டு, நம்பரைப் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.