கீமோ முடிந்த பிறகு அப்பாவுக்கு (72) மறதி அதிகமாகிவிட்டது. இது டிமென்ஷியாவின் ஆரம்பமா?

அதற்குள் அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள். என் அம்மாவுக்கு 70 வயதில் மார்பகப் புற்றுநோய். நாலாவது கீமோ முடிந்த வாரம் மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அன்று திங்கட்கிழமை, டப்பாவில் செவ்வாய்க் கட்டமும் காலி. "போட்டேனா இல்லையா, நீயே சொல்லு" என்றார். வீட்டுக் கணக்கு மொத்தத்தையும் மனதிலேயே வைத்திருந்தவர் அவர். உங்களுக்கு வந்த பயம்தான் எனக்கும் வந்தது.

இதைக் 'கீமோ பிரெயின்' என்கிறார்கள். பெயரில் கீமோ இருந்தாலும் பழி முழுவதும் அதன் மேல் இல்லை. சிகிச்சை தொடங்கும் முன்பே சிலருக்குக் கவனமும் நினைவாற்றலும் குறைந்திருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நோயால் வரும் அழற்சி, தூக்கமின்மை, மனக்கவலை, ஹார்மோன் சிகிச்சை எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. வயதான மூளைக்குச் சமாளிக்கும் சக்தி குறைவு என்பதால் அதே சுமை அவர்களிடம் கூடுதலாகத் தெரிகிறது. பரம்பரையும் உண்டு: 60 வயது தாண்டிய மார்பகப் புற்றுநோயாளிகளைப் பற்றி 2018-இல் வந்த ஓர் ஆய்வில், டிமென்ஷியாவின் முக்கிய வகையான அல்சைமரோடு தொடர்புள்ள ஏபிஓஇ-4 மரபணு இருந்து கீமோவும் எடுத்தவர்களிடம் சிந்திக்கும் திறனில் சரிவு தெரிந்தது.

ஆனால் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 2012-இல் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்ததாம். ஏன் என்று இன்னும் விவாதிக்கிறார்கள்.

வீட்டில் நீங்களே கவனிக்கக்கூடியது ஒன்று உண்டு. சிகிச்சையால் வரும் மறதியில் பெரும்பாலும் விஷயம் உள்ளேயே இருக்கும், வெளியே வரத்தான் தாமதமாகும். ஒரு குறிப்பு கொடுத்தால் "ஆமாம்ல" என்று பிடித்துக்கொள்வார்கள். அல்சைமரில் குறிப்பு கொடுத்தாலும் அவ்வளவாக உதவாது. இதை வைத்து நோயை முடிவு செய்துவிட முடியாது, ஆனால் டாக்டரிடம் சொல்ல உதவும்.

அப்புறம் அப்பா போடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். அம்மா தூக்கம் வர டைஃபென்ஹைட்ரமின் என்ற பழைய அலர்ஜி மாத்திரையைத் தானாகவே போட்டுக்கொண்டிருந்தார். வயதானவர்களின் மூளையை மந்தமாக்கும் வகை அது. டாக்டர் நிறுத்தச் சொன்ன இரண்டு வாரத்தில் பாதிப் பனி விலகிய மாதிரி இருந்தது. ரத்தசோகை, தைராய்டு, பி12, சோடியம், கால்சியம் இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. மனச்சோர்வும் மறதி போலவே தெரியும். காது மந்தமானாலும் அப்படித்தான்.

ஒன்றே ஒன்றில் மட்டும் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென்று குழம்பிப்போனால், ஆள் தெரியாமல் பேசினால், எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால், அது டெலிரியமாக இருக்கலாம். பின்னால் கிருமித்தொற்று இருக்கலாம். கீமோவால் ரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் அது உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அம்மாவுக்கு முழுசாகத் தெளிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது மாத்திரை போட்டதும் காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறார். என்னைக் கேட்பதில்லை.