தார்ப்பாய் வாங்கப் போறீங்களா?

கேள்வி: பைக் மூட, மொட்டை மாடி சாமான் மூட ஒரே தார்ப்பாய் போதுமா? கடையில ஜிஎஸ்எம்னு என்னமோ சொல்றாங்களே?

பதில்: ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடைங்கிறதுதான், நம்பர் கூடக்கூட தார்ப்பாய் கனமா இருக்கும், ஆனா வெறும் நம்பரை நம்பி வாங்காதீங்க, வெயில்லயே கிடக்கப் போகுதுன்னா யூவி பாதுகாப்பு, அதாவது வெயிலோட புற ஊதாக் கதிரைத் தாங்குற தன்மை, இருக்கான்னு கேளுங்க, இல்லாட்டி சீக்கிரமே நொறுங்கி பொடிப்பொடியா உதிரும். நாலு நாள் மழைக்கு சாமானை மூட லேசான பாலிதீன் தார்ப்பாயே போதும். லாரி லோடுக்கு, வருஷக்கணக்கா கட்டி வைக்க பிவிசிங்கிற கனமான பிளாஸ்டிக் பூசின தார்ப்பாய் தான் சரி, என்ன, தூக்க முதுகு வேணும்! பைக்குக்கு பிளாஸ்டிக்கை இறுக்கிச் சுத்தினா உள்ள ஈரம் தேங்கி துருப்பிடிக்கும், அதனால காத்து போற கேன்வாஸ் துணி நல்லது, ஆனா நனைஞ்சதை மடிச்சு வச்சா பூஞ்சை பிடிச்சிடும்.

இன்னொண்ணு, பந்தல் மாதிரி கட்டினா கண்டிப்பா சரிவு வைங்க. 10 சதுர மீட்டர் தார்ப்பாய்ல 10 மில்லிமீட்டர் மழை தேங்கினாலே 100 லிட்டர், அதாவது 100 கிலோ. முதல்ல கிழியுறது கயிறு கட்டுற ஓட்டை பக்கம்தான், அங்க பித்தளை இல்லன்னா அலுமினிய வளையம் அடிச்சிருக்கான்னு பாருங்க.